வகுப்பறையும் பதிப்புரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய எவரும் அந்த வரியைக் கண்டிருப்பார்கள். வினாத்தாளின் முதற் பக்கத்து உச்சியில், மும்மொழியிலும், சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்: ‘முழுப் பதிப்புரிமையுடையது’. சுட்டெண்ணை எழுதும் பதற்றத்தில் பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை. மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர்களாகிய நாமும் வாசிப்பதில்லை. பரீட்சை முடிந்து கொஞ்ச நாளில் அதே வினாத்தாள் போட்டோகொப்பிக் கடையில் கட்டுக் கட்டாக இருக்கும். ‘பாஸ் பேப்பர்’ செய்யாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போகும் பிள்ளையைக் காண்பது அரிது.

இந்த வரிக்கு என்ன பொருள்? வினாத்தாளுக்குக்கூட ஓர் உரிமையாளர் உண்டா? உண்டென்றால், வகுப்புக்கு நாற்பது பிரதி எடுக்கும் ஆசிரியர் குற்றவாளியா? ஆசிரியர் ஓய்வறையில் இந்தக் கேள்வி எழும்போது இரண்டு விதமான பதில் வரும். ‘படிப்பிக்கிறதுக்குத்தானே எடுக்கிறம், அதுல என்ன பிழை?’ என்பது ஒன்று. ‘சட்டப் பிரச்சினை வரும் சேர், நமக்கேன் வீண் வேலை?’ என்பது மற்றது. முதலாவது பதில் முழுப் புத்தகத்தையும் கொப்பி எடுக்க வைக்கிறது. இரண்டாவது பதில், சட்டமே தாராளமாக அனுமதித்த இரண்டு பக்கத்தைக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடாமல் கையைக் கட்டுகிறது.

பதிப்புரிமையின் வரலாற்றைப் புரட்டினால், வகுப்பறை அந்தச் சட்டத்தின் வெளியே நின்று சலுகை கேட்ட ஒன்றல்ல என்பது தெரியும். சட்டம் பிறந்த நாளிலிருந்தே கல்வி அதன் உள்ளே இருந்திருக்கிறது. ஆசிரியருக்கு ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. அதற்குள் நுழைய இரண்டு நிபந்தனைகள் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன: எடுப்பது தேவையான அளவாக இருக்க வேண்டும், எடுத்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அச்சுக்கு முன்னர்

ஓலைச்சுவடிக் காலத்தில் பிரதி எடுத்தல் ஒரு தொண்டு. எடுக்காவிட்டால் நூல் செல்லரித்துப் போகும். ஆகவே ‘பிரதி எடுக்காதே’ என்று சொல்லும் உரிமை தமிழ் மரபில் எழவில்லை. ஆனால் நூலுக்கு உடையவர் யார் என்ற கேள்வி எழுந்தது. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு விதி வகுக்கும்போது எட்டு விடயங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது. நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய அந்த எட்டிலும் முதலாவதாக நிற்பது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இந்த நூல் எந்த நூலின் வழி வந்தது என்பது. நூலைக் கையில் எடுப்பவர் முதலில் அறிய வேண்டியது இன்னார் செய்தார், இதிலிருந்து செய்தார் என்பதே என்று பவணந்தியார் கருதியிருக்கிறார்.

நமது இஸ்லாமிய அறிவு மரபிலும் இதே நிலைதான், இன்னும் இறுக்கமாக. ஹதீஸ் கலை முழுவதும் ‘யாரிடமிருந்து கேட்டாய்?’ என்ற ஒற்றைக் கேள்வியின் மீது எழுந்து நிற்கிறது. ஸனத் இல்லாத செய்திக்கு மதிப்பில்லை. ஒரு கிதாபை ஆசிரியரிடம் ஓதி முடித்தவருக்கு அதைப் பிறருக்கு ஓதிக் கொடுக்க இஜாஸா வழங்கப்பட்டது. கிதாப்களைப் பார்த்து எழுதிக்கொள்ளத் தடையிருக்கவில்லை. நூல்களை வக்பு செய்து மாணவர் கைக்கு எட்டச் செய்தார்கள். பெயரை மறைப்பது மட்டும் குற்றமாகக் கருதப்பட்டது. தப்ஸீர் ஜலாலைன் வழியாக நமது மத்ரஸா மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ஹிஜ்ரி 911, கி.பி. 1505இல் காலமானவர்) தமது நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட ஒருவரைக் கண்டித்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். நூலாசிரியனுக்கும் திருடனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது என்பதே அதன் தலைப்பின் பொருள். பதிப்புரிமை என்ற சட்டச் சொல் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட குரல் அது.

கல்வியை ஊக்குவிக்க ஒரு சட்டம்

அச்சியந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. ஒரு பிரதி எடுக்க மாதக்கணக்கில் உழைத்த காலம் போய், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தாள்கள் விழுந்தன. இலண்டனில் 1557இல் அரச பட்டயம் பெற்ற புத்தக வணிகர் சங்கம், எந்த நூலை யார் அச்சிடலாம் என்பதைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக் கட்டுப்படுத்தியது. அங்கே உரிமை வணிகருக்குத்தான்; எழுதியவருக்கு அல்ல.

1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் இதை மாற்றியது. பதிப்புரிமைச் சட்டங்களின் தாய் என்று அதைச் சொல்வார்கள். அதன் நீண்ட தலைப்பே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்றுதான் தொடங்குகிறது. புதிய நூலின் உரிமை எழுதியவருக்கு 14 ஆண்டுகள். அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள். அதற்குப் பிறகு நூல் எல்லோருக்கும் பொது. அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் ஒன்பது பிரதிகளைப் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட ஒன்பது நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. புத்தகத்தின் விலை அநியாயமாக இருக்கிறது என்று முறையிடவும் அதில் இடமிருந்தது. எழுதியவரின் கூலியும் வாசிப்பவரின் தேவையும் ஒரே தராசில் வைக்கப்பட்ட சட்டம் அது.

வணிகர்கள் இதை இலகுவில் ஏற்கவில்லை. காலவரையறை முடிந்தாலும் உரிமை நிரந்தரமாகத் தங்களுக்கே என்று வாதாடினார்கள். எடின்பரோவில் மலிவுப் பதிப்புகள் வெளியிட்ட அலெக்சாண்டர் டொனால்ட்சன் என்பவர் இதை எதிர்த்து நின்றார். 1774இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காலம் முடிந்த நூல் யாருக்கும் சொந்தமில்லை என்ற விதி அன்று உறுதியானது. பழைய இலக்கியப் பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கான வாசிப்பு நூல்கள் தயாரிக்க அங்கே தாராளமாக வழி பிறந்தது அதன் பிறகுதான்.

பாடசாலை நூலால் வந்த வழக்கு

‘நியாயமான பயன்பாடு’ என்று இன்று நாம் சொல்லும் கொள்கையின் வேர் அமெரிக்காவில் 1841இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில் இருக்கிறது. அந்த வழக்கு எழுந்ததே ஒரு பாடசாலை நூலால் என்பது பலருக்குத் தெரியாது. ஜோர்ஜ் வொஷிங்டனின் கடிதங்களையும் எழுத்துகளையும் ஜெரட் ஸ்பார்க்ஸ் என்ற வரலாற்றாசிரியர் பெரும் உழைப்போடு 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்ள்ஸ் அப்ஹம் என்பவர் அதிலிருந்து எடுத்து, பாடசாலை நூலகங்களுக்கான வரிசையில் இரண்டு தொகுதிகளில் ஒரு வாழ்க்கை வரலாற்றை உருவாக்கினார். 866 பக்கங்கள் கொண்ட அந்நூலில் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் பதிப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை.

நீதிபதி ஜோசப் ஸ்டோரி, பாடசாலை நூலகங்களுக்கான நல்ல முயற்சி ஒன்றுக்கு இடையூறு வருகிறதே என்று வருந்திக்கொண்டே தீர்ப்பை அப்ஹமுக்கு எதிராக எழுதினார். எடுத்தது என்ன நோக்கத்துக்கு, எவ்வளவு எடுக்கப்பட்டது, எடுத்த பகுதி எவ்வளவு முக்கியமானது, மூல நூலின் விற்பனையை அது பாதிக்கிறதா என்று அவர் அடுக்கிய கேள்விகளே பின்னர் 1976ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் நான்கு அளவுகோல்களாக ஏறின. அங்கிருந்து அவை நமது நாட்டுச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தன. நோக்கம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது, அளவும் பார்க்கப்படும் என்ற பாடத்தை ஒரு பாடசாலை நூலே உலகுக்குக் கற்றுக் கொடுத்தது.

1886இல் கையெழுத்தான பேர்ன் ஒப்பந்தம் பதிப்புரிமையை நாடுகளின் எல்லை தாண்டிய விடயமாக்கியது. கல்வி நூல்களிலும் தொகுப்பு நூல்களிலும் பகுதிகளை எடுத்துச் சேர்க்கும் சுதந்திரத்தை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று அதன் 8ஆம் உறுப்புரையில் அன்றே எழுதி வைத்தார்கள். பிரித்தானியக் குடியேற்ற நாடு என்ற வகையில் இலங்கையும் அந்த ஒப்பந்தத்தின் நிழலுக்குள் வந்தது. 1959இல் சுதந்திர நாடாகத் தன் பெயரிலேயே இணைந்தது.

இலங்கைக்கு வந்த சட்டம்

1911ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் 1912 முதல் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின் 50 ஆண்டுகளும் உரிமை என்பது அதன் விதி. தனிப்பட்ட படிப்பு, ஆய்வு, விமர்சனம் ஆகியவற்றுக்கு ‘நியாயமான கையாளுகை’ என்ற விலக்கை அது கொடுத்தது.

பாடசாலைக்கென்றே தனியாக ஒரு விலக்கும் அதில் இருந்தது. பாடசாலைப் பயன்பாட்டுக்கென நேர்மையாகத் தொகுக்கப்படும் நூலில், பெரும்பகுதி உரிமைக்காலம் முடிந்த ஆக்கமாக இருக்குமானால், உரிமையுள்ள நூல்களிலிருந்தும் சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் அந்த மூல நூல் பாடசாலைக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கக்கூடாது. ஒரே எழுத்தாளரின் ஆக்கங்களிலிருந்து ஒரே வெளியீட்டாளர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக்கூடாது. எங்கிருந்து எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! பாடநூல் எழுதுபவரின் பிழைப்பில் கை வைக்காமல், இலக்கியத்தைப் பிள்ளைகளிடம் கொண்டு செல்லும் வழி அது. பழைய தமிழ் வாசிப்பு நூல்களில் பாடத்தின் அடியில் சிறு எழுத்தில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் போடும் வழக்கத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

இதே சட்டத்தின் கீழ்தான் வினாத்தாள் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பும் வந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் மெற்றிக்குலேஷன் வினாத்தாள்களை, தபால்வழிப் பரீட்சைப் பயிற்சியோடு தொடர்புடைய ஒரு பதிப்பகம் விடைகளும் குறிப்புகளும் சேர்த்து வெளியிட்டது. இன்றைய மொழியில் சொன்னால் ‘பாஸ் பேப்பர் புத்தகம்’. உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது. வினாத்தாள் ஓர் இலக்கியமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1916இல் நீதிபதி பீற்றர்சன் சொன்ன விடை, இலக்கிய நயம் தேவையில்லை, ஒருவர் தம் அறிவையும் உழைப்பையும் செலவிட்டுத் தாமாக எழுதியிருந்தால் போதும் என்பது. ஆகவே வினாத்தாளுக்கும் பதிப்புரிமை உண்டு. மாணவர்கள் படிக்கத்தானே வெளியிட்டோம் என்ற வாதமும் எடுபடவில்லை. படிப்பவர் தமக்காகப் பிரதி செய்வது வேறு. படிப்பவருக்கு விற்பதற்காக இன்னொருவர் அச்சிடுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

இது எங்கோ நடந்த வழக்கல்ல. அன்று நமது நாட்டு மாணவரின் உயர்கல்வியும் இலண்டன் பரீட்சைகளையே சுற்றி இருந்தது. 1921இல் திறக்கப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை, இலண்டன் பட்டங்களுக்கே மாணவரைத் தயார்படுத்தியது. நமது வினாத்தாளின் உச்சியில் உள்ள அந்த வரிக்கு உயிர் கொடுப்பது இத்தகைய தீர்ப்புத்தான். ‘உரிமைகள் யாவும் ஒதுக்கப்பட்டவை’ என்று அச்சிடும் வழக்கமோ 1910ஆம் ஆண்டு அமெரிக்க நாடுகள் புவனஸ் அயர்ஸில் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு பரவியது. அங்கே அப்படி ஒரு வாசகம் இருந்தால்தான் பாதுகாப்புக் கிடைக்கும். இன்று அது இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. அந்த வரி அச்சாகாத புத்தகம் யாரும் அள்ளிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. அது தவறு.

தாய்மொழிக் கல்வியும் மொழிபெயர்ப்பும்

1945இல் இலவசக் கல்வி வந்தது. தொடர்ந்து தாய்மொழிவழிக் கல்வி கீழ் வகுப்புகளிலிருந்து மேலேறியது. அப்போது எழுந்த பெரும் பசி பாடநூற்பசி. விஞ்ஞானம், கணிதம், வரலாறு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் தேவைப்பட்டன. மூல நூல்களோ ஆங்கிலத்தில், உரிமையோ இலண்டனில். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் இதே தலையிடிதான்.

1967இல் ஸ்டொக்ஹோமில் பேர்ன் ஒப்பந்தத்தைத் திருத்தக் கூடியபோது இந்தியா முன்னின்று வளர்முக நாடுகளுக்காகப் பேசியது. கல்விக்காக மொழிபெயர்க்கவும் மறுபதிப்புச் செய்யவும் தாராளமான சலுகை தரும் நெறிமுறை ஒன்று அங்கே உருவானது. பிரித்தானிய வெளியீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நெறிமுறை நடைமுறைக்கு வரவில்லை. 1971இல் பாரிஸில் அதற்குப் பதிலாக ஓர் இணைப்பு சேர்க்கப்பட்டது. அதில் சலுகை உண்டு. ஆனால் இத்தனை ஆண்டு காத்திரு, உரிமையாளரைத் தேடு, அறிவித்தல் கொடு, கட்டணம் செலுத்து என்று வழி முழுக்க முட்கள். வளர்முக நாடுகள் அந்த வழியை அரிதாகவே பயன்படுத்தின. ஏழை நாட்டு மாணவரின் தேவை ஒரு முறை உலக அரங்கில் ஏறி, ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பிய கதை இது.

2003இன் சட்டம் என்ன சொல்கிறது

குடியேற்றக்காலச் சட்டம் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வரும்வரை நீடித்தது. அதன் இடத்தில் இன்று இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆசிரியர்கள் அறிய வேண்டியவை முக்கியமாக அதன் 11ஆம், 12ஆம் பிரிவுகளில் உள்ளன.

11ஆம் பிரிவு விமர்சனம், செய்தி, ஆய்வு ஆகியவற்றோடு கற்பித்தலையும் நியாயமான பயன்பாட்டின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. வகுப்பறைக்கெனப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. பயன்பாடு நியாயமானதா என்று பார்க்க ஸ்டோரியின் வழிவந்த அதே நான்கு அளவுகோல்கள்: நோக்கம், ஆக்கத்தின் தன்மை, எடுத்த அளவு, சந்தை மீதான பாதிப்பு. பிரித்தானிய மரபில் வளர்ந்த நமது சட்டம் இந்த இடத்தில் அமெரிக்க வாசகத்தை எடுத்துக்கொண்டது. உலகில் பல நாடுகளின் ஆசிரியர்களுக்கு இவ்வளவு திறந்த வாசகம் கிடைத்ததில்லை.

12ஆம் பிரிவு குறிப்பான சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. கற்பித்தலுக்கு விளக்கமாக ஒரு வெளியீட்டின் சிறு பகுதியை எடுக்கலாம். இலாப நோக்கமற்ற கல்வி நிறுவனத்தில் நேருக்கு நேர் கற்பிப்பதற்காகக் கட்டுரை, சிறு ஆக்கம், நூலின் சிறு பகுதி ஆகியவற்றைப் போட்டோகொப்பி எடுக்கலாம். நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது. ஒரே காரியத்தை வழக்கமாக, திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது. மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஒருவர் தமது சொந்தப் பாவனைக்கு ஒற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முழுப் புத்தகத்தையோ அதன் பெரும்பகுதியையோ அல்ல.

10ஆம் பிரிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆக்கத்தில் தம் பெயர் இருக்க வேண்டும் என்று கோருவதும், ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்ப்பதும் எழுதியவரின் ஒழுக்க உரிமைகள். பணம் பெற்று நூலின் உரிமையை விற்றுவிட்டாலும் அவை அவரோடு இருக்கும். இந்த இடத்தில் நன்னூலின் ஆக்கியோன் பெயரும் ஹதீஸ் கலையின் ஸனதும் நாடாளுமன்றச் சட்டமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 1988இல் குவைத்தில் கூடி, நூலாக்க உரிமை ஷரீஆவினால் பாதுகாக்கப்படும் உரிமை, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. ஆகவே இது ‘வெள்ளைக்காரன் சட்டம்’ என்று தட்டிக் கழிக்கவும் நமக்கு இடமில்லை.

உரிமைக்காலம் இப்போது ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அஸன்பே சரித்திரம் எழுதிய அறிஞர் சித்திலெப்பை 1898இல் காலமானார். அவரது எழுத்து எல்லோருக்கும் பொது. சுவாமி விபுலாநந்தர் 1947இல் காலமானார். 70 ஆண்டுக் கணக்கைப் பிடித்தாலும் 2017 முடிவோடு காலம் தீர்ந்தது. அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் காலமானது 1973இல். அவருடைய ஆக்கங்களுக்கு 2043 முடிவு வரை உரிமை உண்டு. பழைய நூலுக்கு இன்னொருவர் புதிதாக எழுதிய முன்னுரையும் குறிப்பும் அவருக்கே உரியவை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அயல் நாட்டில் ஒரு தீர்ப்பு

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகொப்பிக் கடை, விரிவுரையாளர்கள் பரிந்துரைத்த பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. 2012இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2016 செப்டெம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அடிப்படையில் கற்பித்தலுக்கான விலக்கின் பக்கமே நின்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

இதைக் கேட்டதும் ‘அப்ப நமக்கும் பிரச்சினையில்லை’ என்று துள்ளிவிடக்கூடாது. இந்தியச் சட்டத்தின் வாசகம் வேறு. கற்பித்தலின் போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுக்கலாம் என்கிறது அது. சிறு பகுதி என்ற சொல் அங்கே இல்லை. நமது 12ஆம் பிரிவில் அந்தச் சொல் இருக்கிறது. அயலார் வென்ற வழக்கு நமக்கு ஊக்கமாக இருக்கலாம், அனுமதிச் சீட்டாகாது.

நமது வகுப்பறைகளில்

இனி நமது நிலைமைக்கு வருவோம். 1980 முதல் அரசு இலவசமாகப் பாடநூல் கொடுக்கிறது. பெரிய காரியம் அது. ஆனால் உயர்தரத் தமிழ் வகுப்புக்குப் பாடநூல் மட்டும் போதுமா? விமர்சனக் கட்டுரை வேண்டும், பழைய சஞ்சிகை வேண்டும், உரை நூல் வேண்டும். நூலகம் என்று பெயர்ப்பலகை மட்டும் உள்ள கிராமப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் போட்டோகொப்பியை விட்டு எங்கே போவார்? 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம் அடித்துக் கொடுப்பதே தியாகமாகிவிட்ட காலத்தையும் பார்த்துவிட்டோம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. நமது சமூகத்தின் எழுத்தாளர்கள் பெரும்பாலும் தங்கள் கைக்காசைப் போட்டே நூல் அச்சிடுகிறார்கள். சில நூறு பிரதி. வெளியீட்டு விழாவில் கொஞ்சம் போகும். மீதி வீட்டு அலுமாரியில் கிடக்கும். அந்த நூலை வாங்கக்கூடிய முதல் வாசகர்கள் ஆசிரியரும் மாணவரும்தான். அவர்களே ஒரு பிரதியை வாங்கி நாற்பதாகக் கொப்பி எடுத்தால் அடுத்த நூல் வருமா? பெரிய வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு நாற்பது பிரதி தூசு. ஊர் எழுத்தாளருக்கு அது அச்சகக் கடனில் ஒரு பங்கு. சந்தை மீதான பாதிப்பு என்று சட்டம் சொல்லும் நான்காவது அளவுகோலை நாம் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்தது தனியார் வகுப்பு. பாடசாலையில் காலையில் சட்டபூர்வமாகக் கொடுத்த அதே இரண்டு பக்கத்தை மாலையில் கட்டண வகுப்பில் ‘டியூட்’ என்று விற்றால், 12ஆம் பிரிவு தரும் போட்டோகொப்பி விலக்கு அங்கே எட்டாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபம் தேடாத நிறுவனம் என்று சட்டம் கோடு கிழித்துவிட்டது. கடந்தகால வினாத்தாளும் அப்படியே. வகுப்பில் சில வினாக்களை எடுத்துச் செய்து காட்டுவது ஒன்று. விடைகளோடு புத்தகமாக்கி விலை போடுவது இன்னொன்று. 1916இல் கிழித்த கோடு அது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது புதிய சிக்கல் பிறந்தது. வகுப்பறை வட்ஸ்அப்புக்குள் போனது. ஆசிரியர்கள் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். முழு நூலின் பிடிஎப் கோப்புகளும் குழுக்களில் ஓடின. ‘நேருக்கு நேர் கற்பித்தல்’ என்று 2003இல் எழுதியவர்கள் இப்படியொரு நாளை நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வாசகம் பொருந்தாத இடத்தில் 11ஆம் பிரிவின் நான்கு அளவுகோல்களே துணை. அவற்றின்படி, தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம் அனுப்பிய ஆசிரியர் தன் செயலை நியாயமென்று வாதிடலாம். கடையில் விற்பனைக்கு உள்ள நூலை முழுதாக ஊருக்கே அனுப்பியவருக்கு அந்த வாதம் கிடையாது. இந்தப் பிரிவைக் காலத்துக்கேற்பத் திருத்தும்படி கேட்கும் உரிமையும் கடமையும் ஆசிரியர் சமூகத்துக்கு உண்டு. இதுவரை அந்தக் குரல் போதிய அளவு எழவில்லை. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. உரியவரிடம் அனுமதி கேட்டே இவ்வளவும் செய்ய முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியவையாக இவற்றை நான் கருதவில்லை. வலய மட்டத்தில் தயாராகும் செயலட்டைகளையும் மாதிரி வினாத்தாள்களையும் எடுத்துப் பாருங்கள். கவிதை இருக்கும், கவிஞர் பெயர் இருக்காது. உரைப்பகுதி இருக்கும், நூலின் பெயர் இருக்காது. இடம் போதாது என்பார்கள். ஒரு வரிக்கு இடம் போதாமல் போகாது. அந்த ஒரு வரி விடுபடுவதால், நமது கவிஞரின் பாடலைப் பத்து வருடம் படித்த பிள்ளை அவர் பெயரை அறியாமலே பாடசாலையை விட்டு வெளியேறுகிறது. பெயர் தெரியாத எழுத்தை அந்தப் பிள்ளை பின்னர் எந்தக் கடையில், எந்த நூலகத்தில் தேடும்?

ஆகவே செய்யக்கூடியவை சிலவே. தேவையான பக்கத்தை மட்டும் எடுப்போம். அடியில் ஆசிரியர், நூல், ஆண்டு மூன்றையும் எழுதுவோம். முழு நூலும் தேவையென்றால் பாடசாலை நூலகத்துக்கு ஐந்து பிரதி வாங்கும்படி அதிபரிடம் கேட்போம்; எழுதியவர் ஊரில்தான் இருக்கிறார் என்றால் அவரிடமே கேட்போம். ‘பிள்ளைகளுக்குத்தானே, தாராளமா எடுங்க சேர்’ என்று சொல்லும் எழுத்தாளர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது பணத்தை விட அந்தக் கேள்வியைத்தான்.